மார்கழிக் குளிரில் மனத்துக்கு எது கணகணப்பு?

யாழ்ப்பாணத்திலும் குளிர்காலமா என்று பனி கொட்டும் நாடுகளில் வாழும் எங்கள் உறவினர் சிரிப்பதுண்டு. வெப்பமானியை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். மார்கழி, தை மாதங்களில் இங்கே இரவு வெப்பநிலை பெரும்பாலும் 22 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும், அதற்குக் கீழே வெகுவாக இறங்குவதில்லை. ஆனால் வெயிலை மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகளில், காற்று தாராளமாக வந்து போகும் சாளரங்களோடும் வெறும் சீமெந்துத் தரையோடும் வாழ்பவர்களுக்கு, விடாமல் பெய்த மழையின் ஈரமும் கடல் தாண்டி வரும் வாடைக்காற்றும் ஒன்றுசேரும்போது அந்த 22 பாகையே நடுக்கத்தைத் தந்துவிடுகிறது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் இருந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிர் தாங்காமல் இறந்தன. எங்கள் ஊர்க் குளிரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் அந்த நாட்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடம்புக் குளிருக்கு வழி தெரியும். போர்வை இருக்கிறது, மல்லித்தண்ணி இருக்கிறது, வெளிநாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் இயந்திரம் இருக்கிறது. இத்தனை இருந்தும் இந்த மாதங்களில் மனம் சுருங்கிப் போவது ஏன், அதைத் தணிப்பது எது என்பதே இங்கே விளக்க முற்படும் விடயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் மனத்துக்கு ஆறுதல் தருவது வெப்பத்தைக் காட்டிலும், குறித்த நேரத்தில் நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு மனிதரே. அதற்கு அடுத்த இடம் காலை வெளிச்சத்துக்கு. சூடான உணவும் உடையும் இவை இரண்டுக்கும் துணை நிற்பவை.

இந்த வேறுபாட்டைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே கண்டிருக்கிறது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளில் ஒரு கூதிர்கால இரவை விரிக்கிறது. மழையில் நனைந்த இடையர் கையில் கொள்ளியோடு கன்னம் நடுங்க நிற்கிறார்கள். நகரத்து வீடுகளில் சந்தனக் கல் தேடுவாரின்றிக் கிடக்கிறது, விசிறிகள் தொங்கவிடப்படுகின்றன, கதவுகள் அடைக்கப்படுகின்றன, குவிந்த வாய்க் கன்னல் என்ற குடத்தின் தண்ணீரை விட்டு மக்கள் அகன்ற வாய்த் தடவு என்ற சட்டியில் இட்ட நெருப்பை நாடுகிறார்கள். அரண்மனையில் அரசிக்கோ இவை அனைத்தும் இருக்கின்றன, சுற்றிலும் தோழியரும் செவிலியரும் இருக்கிறார்கள். ஆயினும் போருக்குப் போன கணவனைப் பிரிந்த அவள் ஆறவில்லை. அதே இரவில், பாசறையில், மழைத்துளி விழ விளக்குச் சுடர் காற்றில் சாய, அரசன் நள்ளிரவிலும் உறங்காமல் ஒரு வீரனின் தோள்மேல் கை வைத்தபடி, புண்பட்டவர்களைத் தேடிப்போய் முகம் கொடுத்துப் பார்க்கிறான். வெப்பம் முழுவதும் அரண்மனையில் இருந்தது. ஆனால் அந்த இரவில் ஆறுதல் பெற்றவர்கள் ஈரத்தில் கிடந்த வீரர்கள்தான் என்றே நான் அந்தப் பாடலைப் படிக்கிறேன்.

இன்றைய அறிவியல் இதைப் பற்றிச் சொல்வதில் நம்பத்தக்கதும் உண்டு, அவசரப்பட்டுப் பரப்பப்பட்டதும் உண்டு. சூடான கோப்பிக் குவளையைச் சற்றுநேரம் கையில் பிடித்திருந்தவர்கள், முன்பின் தெரியாத ஒருவரை அன்பானவர் என்று மதிப்பிட்டார்கள் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரை உலகம் முழுவதும் பேசப்பட்டது. பின்னர் கூடுதலான ஆட்களைக் கொண்டு மற்றவர்கள் அதே சோதனையைச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே ஒரு குவளைச் சூடு மனத்தை இளக்கிவிடும் என்று எழுதுவோரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இதைவிட உறுதியானது ஹரி ஹார்லோ 1958இல் வெளியிட்ட ஆய்வு. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகள், பால் தந்த கம்பிப் பொம்மையை விட்டு, பால் தராத துணிப் பொம்மையையே நாளின் பெரும்பகுதியும் கட்டிப் பிடித்திருந்தன. இன்று அப்படியொரு கொடிய சோதனைக்கு எந்த ஆய்வுகூடமும் எளிதில் அனுமதி தராது. ஆனாலும் உணவைக் காட்டிலும் அணைப்பு முந்துகிறது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள அது ஒரு காரணமாயிற்று.

தொடுகையைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்கிறது. மென்மையான தடவலை உணர்வதற்கென்றே முன்கை, முதுகு போன்ற இடங்களின் தோலில் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. மனிதத் தோலின் சூட்டில், நொடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான மெதுவான வேகத்தில் தடவும்போதே அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. தடிமன் பிடித்த பிள்ளையின் முதுகில் எண்ணெய் பூசும் அம்மம்மாவின் கை எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் நகர்கிறதோ, ஏறக்குறைய அதே அளவுதான்.

இனி வெளிச்சம். புலம்பெயர்ந்த எங்கள் மக்களைப் பொறுத்தவரை இதுவே பெரிய விடயம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைச் சிறிது தாண்டும், அவ்வளவுதான். மார்கழியிலும் எங்களுக்குப் பதினொன்றரை மணித்தியாலப் பகல் உண்டு. டிசெம்பர் 21ஆம் திகதியளவில் ரொறன்ரோவில் பகல் 9 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, லண்டனில் 8 மணித்தியாலத்துக்குக் குறைவு, ஒஸ்லோவில் 6 மணித்தியாலம் கூட நிறைவதில்லை. நோர்வேயின் வடக்கே துரொம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

இது மனத்தை எப்படித் தாக்குகிறது? கண்ணின் விழித்திரையில், உருவங்களைப் பார்ப்பதற்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை அறிவதற்கென்று தனியாகச் சில கலங்கள் இருக்கின்றன. அவை மூளையின் உட்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்ப, அந்தக் கடிகாரம் இரவில் மெலற்றோனின் என்ற ஓமோனைச் சுரக்க வைப்பதும் காலையில் நிறுத்துவதுமாக உடலின் நாளை ஒழுங்குபடுத்துகிறது. காலை வெளிச்சம் தாமதமாகவும் மங்கலாகவும் வந்தால் இந்த ஒழுங்கு பிந்துகிறது; எழும்ப மனமில்லாத காலை, பகலெல்லாம் தூக்கம், மாச்சத்தும் இனிப்பும் தேடும் பசி, ஆட்களைத் தவிர்க்கும் இயல்பு என்று அது வெளிப்படுகிறது. பருவகால மனச்சோர்வு என்ற இந்த நிலையை நோர்மன் ரோசென்தால் என்ற உளமருத்துவரும் அவரது குழுவினரும் 1984இல் மருத்துவ இலக்கியத்தில் விபரித்தார்கள். காலையில் அரை மணித்தியாலம் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கின் முன் இருப்பது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. வீட்டு அறைகளின் வெளிச்சம் வழக்கமாகச் சில நூறு லக்ஸைத் தாண்டாது. முகில் மூடிய பகலில்கூட வெளியே அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். ஆகவே குளிருக்கு அஞ்சி நாள் முழுவதும் உள்ளேயே இருப்பவர், உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு மனத்தைப் பட்டினி போடுகிறார்.

இந்த விளக்கத்தை யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே வெளிச்சம் அவ்வளவாகக் குறைவதில்லை, ஆனாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மனம் கனத்துக் கிடப்பவர்கள் பலர். ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் தொழிலுக்குப் போக முடியாத மீனவர் வீடுகளில் அடுப்பெரிவதே கேள்வியாகிறது. நாட்கூலிக்குப் போவோர் நிலையும் அதுவே. ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்பதால் முதியவர்கள் வெளியே இறங்குவதில்லை, அவர்களைப் பார்க்க வருவோரும் குறைந்துவிடுகிறார்கள்.

இவற்றோடு நினைவுகளும் சேர்ந்து கொள்கின்றன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் இடம்பெயர்ந்த வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். நடந்து வந்த களைப்பைவிட அந்த மழையைத்தான் அவர்கள் இன்றும் முதலில் சொல்கிறார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையோரத்தை அழித்தது. நவம்பர் இறுதியில், போரில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் விளக்கேற்றி அழுகிறார்கள். ஓட்டில் மழை விழும் சத்தம் ஒருவருக்குத் தாலாட்டாகவும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த இரவாகவும் இருப்பது இந்த ஊரின் நிலை. போர் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரின் நம்பிக்கையையும் சேர்த்தே உடைத்தது என்று யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தொடர்ந்து எழுதியிருக்கிறார். அப்படியானால் ஆறுதலும் ஓரளவுக்கு ஊராகவே வர வேண்டும்.

அதற்கான ஒழுங்கு எங்கள் நாட்காட்டியிலேயே இருப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி விளக்கீடு வருகிறது. படலையடியில் வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் சிரட்டை வைத்து எண்ணெய்த் துணி கொளுத்துவார்கள், பிள்ளைகள் வளவெங்கும் பந்தம் குத்துவார்கள். மறுநாள் தொடங்கி 21 நாட்கள் விநாயகர் விரதம். கோயிலில் ஒருவர் பிள்ளையார் கதையைப் படிக்க மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். அது வளர்பிறைச் சஷ்டியில் நிறைவுறும் கையோடு திருவெம்பாவைப் பூசை தொடங்கி, பத்தாம் நாள் திருவாதிரையில் முடிகிறது. பௌர்ணமியிலிருந்து பௌர்ணமி வரை, ஆண்டின் மிக ஈரமான, மிகக் குளிர்ந்த மாதத்தில், ஊர் ஒவ்வொரு நாளும் ஓரிடத்தில் கூடுவதற்கு ஒரு காரணம் வைக்கப்பட்டிருக்கிறது. மனநலத்தை எண்ணி யாரும் இதை வகுக்கவில்லை. பக்தியே அதன் நோக்கம். ஆயினும் தனிமையில் இருப்பவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கக்கூடிய ஒழுங்கு இதைவிடப் பெரிதாக இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

திருவெம்பாவை விடியல் ஒன்றைப் பாருங்கள். ஐந்து மணிக்கு ஒழுங்கைத் தொங்கலில் சேமக்கலச் சத்தம் கேட்கும், இடையிடையே சங்கு. பத்துப் பன்னிரண்டு பொடியன்கள், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, சேற்றில் செருப்பு ஒட்ட ஒட்டப் பாடி வருவார்கள்; பாதிப்பேருக்கு நித்திரை கலைந்திருக்காது. முன் விறாந்தையில் விளக்கை வைத்துவிட்டுக் கதிரையில் காத்திருக்கும் ஆச்சிக்கு அவர்களின் குரலை வைத்தே யார் வந்திருக்கிறான், யார் வரவில்லை என்று தெரியும். “இண்டைக்குச் சின்னவனைக் காணேல்லை, காய்ச்சலோ?” என்று கேட்பார். மாணிக்கவாசகரின் பாடலிலும் இதுதான் நடக்கிறது: முதல் எட்டுப் பாட்டுகளில் பெண்கள் ஒருவர் வாசலில் ஒருவராய் நின்று, உறங்குபவளைச் செல்லமாகக் கடிந்து, எங்களோடு வா என்று எழுப்புகிறார்கள். வராதவளை விட்டுவிட்டுப் போவதில்லை என்பதே அந்தப் பாட்டுகளின் இயக்கம். கோயிலில் பூசை முடிந்து, சர்க்கரைப் பொங்கலும் கடலையும் வாங்கி வீடு திரும்பும்போது, ஆறேகால் கடந்து சூரியன் எழும்பிவிடும். உட்கடிகாரத்துக்குத் தேவையான காலை வெளிச்சமும் அந்த நடையிலேயே கிடைத்துவிடுகிறது.

கிறிஸ்தவ ஊர்களிலும் இதே மாதத்துக்கு இதே போன்ற ஒழுங்கு உண்டு. குருநகர், பாசையூர் பக்கத்தில் நத்தாருக்கு முந்திய நாட்களில் பாலன் குடில் கட்டுவதும் கரோல் பாடி வீடு வீடாகப் போவதும் நள்ளிரவுப் பூசையும் அவ்வாறே ஒவ்வொரு வாசலையும் தட்டுகின்றன.

சாப்பாட்டிலும் ஆட்கள் கூடுவதே முக்கியம் என்பதற்கு ஒடியற் கூழே சான்று. ஒடியல் எனப்படும் காய்ந்த பனங்கிழங்கின் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பு நீக்கி எடுக்க வேண்டும். நண்டு, இறால், மீன் எல்லாம் துப்புரவாக்க வேண்டும். பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை வெட்ட வேண்டும். செத்தல் மிளகாய் அரைக்க வேண்டும், பழப்புளி கரைக்க வேண்டும். ஒருவர் பானையைத் துழாவிக்கொண்டிருக்க, இன்னொருவர் பிலாவிலைகளைக் கோலி ஈர்க்குக் குத்தி வைப்பார். ஒரு ஆளுக்கென்று கூழ் காய்ச்சியதை நான் எங்கும் கண்டதில்லை. பானையைச் சுற்றிக் குந்தியிருந்து, உறைப்பில் மூக்கு ஒழுக, இன்னும் ஒரு அகப்பை கேட்கும் அந்த அரை மணித்தியாலத்தில் எவ்வளவு சூடு கூழினால் வந்தது, எவ்வளவு சுற்றியிருந்தவர்களால் வந்தது என்று பிரிக்க முடியாது. மார்கழி, தையில் பாத்தி கிண்டிப் பனங்கிழங்கு அவிப்பதும் அப்படித்தான்; நார் கிழித்துத் தின்ன நேரம் எடுக்கும், நேரம் எடுப்பதால் கதை வளரும்.

குளிருக்கு மதுவைத் தேடுபவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தோலுக்கு அருகிலுள்ள குருதிக் குழாய்களை விரியச் செய்வதால் சூடு போலத் தோன்றுகிறது; உண்மையில் உடலின் உட்சூடு அந்த வழியாக வெளியேறுகிறது. சோர்ந்த மனத்தையும் அது மறுநாள் கூடுதலாகச் சோர வைக்கும்.

இப்போது இந்த ஒழுங்கு எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊரில் பல வீடுகளில் இன்று ஒரு முதியவர் மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் தரைக்கு ஓடு பதித்தாயிற்று, சுடுநீர் வசதி வந்தாயிற்று, வாசலில் கமரா பூட்டியாயிற்று. ரொறன்ரோவில் இருக்கும் மகன் தொலைபேசியில் முற்றத்தைப் பார்க்கிறான். அம்மா விழுந்துவிட்டாரா என்பதை அந்தக் கமரா காட்டும். அவர் நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை என்பதைக் காட்டாது. அந்தப் பிள்ளைகள் அன்பில்லாதவர்கள் அல்லர், அவர்களும் அங்கே மாலை நாலேமுக்காலுக்கே இருண்டுவிடும் நகரத்தில், வேலையிலிருந்து மூடிய அறைக்குத் திரும்பும் தனியர்களே.

எங்கள் மக்கள் இதற்கு அங்கே வழிதேடாமலும் இல்லை. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் 1956இல் நோர்வே போனதைத் தொடர்ந்து, பின்வந்த ஆண்டுகளில் பல இளைஞர்கள் அந்நாட்டின் வட எல்லையிலுள்ள பின்மார்க் வரை போய் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். சூரியனே எழாத மாதங்களில் அவர்களைத் தாங்கியது, ஒரே வீட்டில் பலர் சேர்ந்திருந்து முறை வைத்துச் சமைத்ததும், வார இறுதியில் ஒன்றுகூடியதும்தான். கனடாவில் வெள்ளிக்கிழமைக் கோயிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் இதே வேலையைச் செய்கின்றன. ஜனவரியைத் தமிழ் மரபுரிமைத் திங்களாக அறிவிக்கும் தீர்மானம் 2016இல் கனடியப் பொதுச்சபையில் நிறைவேறியது பொங்கலை எண்ணித்தான். ஆனால் ஆண்டின் மிகக் கடும் குளிர் மாதம் விழாக்களும் கூட்டங்களும் நிறைந்த மாதமாக மாறியது அதனால் விளைந்த பெரும் நன்மை.

கூட்டமும் உணவும் தீர்க்காத நிலை ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் நிலைகுலைதல், தான் பயனற்றவர் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவை இருந்தால் அது காலநிலையால் வந்த வாட்டம் என்று தள்ளிவிடக் கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. இலங்கையில் 1926 என்ற இலக்கத்திலும் கனடாவில் 988 என்ற இலக்கத்திலும் உதவி கேட்கலாம். வெளிச்ச விளக்கு வாங்க நினைப்பவர்கள், குறிப்பாகக் கண் நோயோ மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோயோ உள்ளவர்கள், முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் நேரக் கணக்கு ஒன்று கைகொடுக்கிறது. குளிர்காலத்தில் ரொறன்ரோ இலங்கைக்குப் பத்தரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே ஆச்சி திருவெம்பாவைக்கு எழும்பி விளக்கேற்றும் விடியற்காலை 5 மணி, அங்கே முந்திய நாள் மாலை 6.30, இருட்டில் வீடு வந்த பிள்ளைக்கு மிகத் தனிமையான நேரமும் அதுவே. இரண்டு தனிமைகளும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. அந்த நேரத்தில் பத்து நிமிடம் வட்ஸ்அப்பில் சேமக்கலச் சத்தத்தைச் சேர்ந்து கேட்கலாம். லண்டனுக்கும் ஒஸ்லோவுக்கும் விடியற்காலை பொருந்தாது, அங்கே நள்ளிரவை ஒட்டிவிடும். அவர்களுக்கு ஊரில் விளக்கு வைக்கும் மாலை 6.30 நல்லது, அது லண்டனில் பகல் ஒரு மணி, ஒஸ்லோவில் இரண்டு மணி, வெளிச்சம் மீதமிருக்கும்போதே வெளியே நடந்துகொண்டு கதைக்கலாம். வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணிக்கு என்று இரு பக்கமும் முடிவுசெய்து கொண்டு, அதைப் பேச்சு மாறாமல் காப்பதே முக்கியம். ஐரோப்பாவில் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள் என்பதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் அம்மா பழைய நேரத்துக்கே வந்து தொலைபேசியின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் காத்திருப்பார்.